எழுந்து உட்கார்ந்த பிறகு

ஓய்வு பெற்ற பிறகு மருத்துவமனையிலிருந்து எனக்கு வரும் போன் என்றால், யாருக்காவது மாறுதல் வந்திருக்கும், இல்லை யார் வீட்டிலாவது கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். சென்ற மாதம் ஒரு காலையில் வந்தது அப்படிப்பட்டதல்ல. அவசரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பேசினாள். பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சிஸ்டர், போதை ஊசிக் கேஸ் ஒண்ணு. நலாக்சோன் போட்டோம். எந்திரிச்சு உக்காந்துட்டாரு. வீட்டுக்குப் போறேன்னு செருப்பைத் தேடுறாரு. டாக்டர் விபத்துக் கேஸுல இருக்காக. விடலாமா?"

"தூக்க மாத்திரையும் எடுத்திருக்காரான்னு கேட்டியா?"

"கேட்டேன். ஆமான்றாரு."

"விடாதே. டாக்டருக்குச் சொல்லி அனுப்பு. அவுக வர்ற வரைக்கும் அந்த ஆள் பக்கத்தை விட்டு நகராதே."

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். அந்த ஆள் உட்கார்ந்தபடியே மறுபடி சரிந்துவிட்டாராம். டாக்டர் பக்கத்திலேயே இருந்ததால் உடனே பார்த்துக்கொண்டார்களாம். இப்போது வார்டில் நலமாக இருக்கிறார். "நல்லாத்தான சிஸ்டர் பேசிட்டிருந்தாரு, எப்படி மறுபடி விழுந்தாரு?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் நிஜமல்ல.

நான் காரியாபட்டிக்காரி. மதுரையில் நர்ஸிங் படித்து, சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுற்றிவிட்டு, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஜனங்கள் வந்துபோகும் ஒரு அரசு மருத்துவமனையில் வந்து நிலைத்தேன். வேலையில் பாதிக்கு மேல் பிரசவம், பாம்புக்கடி, பூச்சி மருந்து என்றே போனது. பருத்திக் காட்டுக்கு வாங்கிய மருந்தை வீட்டுக்குள்தான் வைத்திருப்பார்கள். கோபம் வந்தால் கைக்கு எட்டிவிடும். அப்படிக் குடித்துவிட்டு வருகிறவர்களின் கண்மணி கடுகு போலச் சுருங்கியிருக்கும். வாயில் நுரை தள்ளும், உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும், அந்த வாடை வாசலிலேயே அடிக்கும். கண்மணி சுருங்கியிருப்பதைப் பார்த்தாலே என் கை தானாக அந்த விஷத்தை முறிக்கும் அட்ரோபின் இருக்கும் தட்டுக்குப் போகும்.

அந்தப் பழக்கத்தோடுதான் சரவணனைப் பார்த்தேன்.

ஒரு காலை நேரம். ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். பரளச்சிப் பக்கத்து ஆள். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். கூட வந்தவர் முருகேசன், எம்.ரெட்டியபட்டிப் பக்கம். இரண்டு பேருமே கரிமூட்டத்தில் மூட்டை ஏற்றுகிறவர்கள். மழை ஏமாற்றிய வருடங்களில் இந்தப் பக்கத்தில் வேலிக் கருவையை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி, லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் பலருக்குச் சோறு. முருகேசனின் கழுத்து மடிப்பில் கரி அப்படியே ஒட்டியிருந்தது.

"மருந்தைக் குடிச்சிட்டான் சிஸ்டர். வீட்டுல சண்டை" என்றார்.

கண்ணை விரித்துப் பார்த்தேன். கண்மணி கடுகாக இருந்தது. அட்ரோபின் எடுத்து வைத்தேன். அப்போதுதான் டாக்டர் சந்தானம் உள்ளே வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான மனிதர். அவசரப் பிரிவில் எல்லோரும் உட்காராமல் ஓடுவார்கள். அவர் மட்டும் முதலில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். நினைவில்லாமல் கிடப்பவரிடமும் பேசுவார், அதுவும் மரியாதையாக. "அண்ணே, சட்டையைக் கொஞ்சம் விலக்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விலக்குவார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஒன்றைத் தவறாகச் செய்தால் நம் கையிலிருந்து அதை வாங்கி, சரியாகச் செய்துவிட்டு, திருப்பிக் கையில் கொடுப்பார். திட்டு வாங்குவதைவிட அது உறைக்கும்.

அன்றும் உட்கார்ந்தார். "தம்பி, கண்ணைத் திறங்க" என்று நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தார். ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான். வாயைத் திறந்து நாக்கைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து மூச்சை முகர்ந்தார். பிறகு உள்ளங்கையை நெஞ்சின் மேல் பட்டும் படாமலும் வைத்து, மறுகையின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்றார்.

அந்த ஒரு நிமிடத்தை முழுதாக எடுத்துக்கொண்டார். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குகிற வேலை அவரிடம் கிடையாது. நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. அடுத்த முறை அது ஏறுவதற்குள் நான் மூன்று தடவை மூச்சு விட்டுவிட்டேன். நடுவில் தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம்.

"பூச்சி மருந்துன்னா நுரை தள்ளணும் சிஸ்டர், உடம்பு நனைஞ்சிருக்கணும். இவருக்கு நாக்கு காஞ்சு கெடக்கு" என்றார். முழுக்கைச் சட்டையின் கையைச் சுருட்டினார். முழங்கை மடிப்பில் வரிசையாகத் தழும்புகள். ஒன்று புதிது, ரத்தம் இன்னும் காயவில்லை. என் கையிலிருந்த அட்ரோபினை வாங்கித் தட்டில் வைத்தார். மூச்சுப் பாதையை நிமிர்த்தி, முகமூடி வைத்துக் காற்றடிக்கும் பையை என் கையில் கொடுத்தார். நான் அமுக்கத் தொடங்கினேன்.

"முருகேசன், இப்படி வாங்க. என்ன போட்டாரு?"

"தெரியாதுங்கய்யா."

"நான் போலீசுக்காகக் கேக்கல. மூச்சுக்காகக் கேக்கிறேன்."

முருகேசன் வாசலைப் பார்த்தார். பிறகு, "வலி மாத்திரைங்கய்யா. கரைச்சு ஊசியில ஏத்துனோம். நானுந்தான் போட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

இந்தப் போதையை முறிக்கும் நலாக்சோன் அந்தக் காலத்தில் அவசரப் பிரிவில் கிடையாது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து அலமாரியில் இருக்கும். ஓடிப்போய் வாங்கிவந்தேன். டாக்டர் அதை மொத்தமாக ஏற்றவில்லை. கொஞ்சம் ஏற்றினார், நெஞ்சைப் பார்த்தார். மறுபடி கொஞ்சம் ஏற்றினார். "ஆளை எழுப்புறது நம்ம வேலையில்ல, மூச்சை எழுப்புறதுதான்" என்றார். ஒரேயடியாக ஏற்றினால் வாந்தியும் வெறியுமாக எழுந்து கையில் உள்ளதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பதைப் பிற்பாடு நானே பார்த்தேன்.

சரவணனின் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. கண்ணைத் திறந்தார். ஆனால் இமை மறுபடி மறுபடி விழுந்துகொண்டிருந்தது. சொன்ன பெயரை முடிப்பதற்குள் நாக்கு புரண்டது. டாக்டருக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு முருகேசன்."

இந்த முறை அவர் ஒளிக்கவில்லை. "தூக்க மாத்திரைங்கய்யா. ஊசிக்கு மேல அதையும் போட்டாத்தான் நல்லா இழுத்துட்டுப் போகும்பாக. நான் போடல, இவன் போட்டான்."

ஒரே ஊசி மருந்து, இரண்டு பேர். ஒருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார், இன்னொருவர் கட்டிலில் கிடந்தார். நடுவில் இருந்த வித்தியாசம் அந்தத் தூக்க மாத்திரைதான்.

டாக்டர் எனக்கு அப்போது சொன்னதை ஏறக்குறைய அதே வார்த்தைகளில் சொல்கிறேன். "போதை ஏத்துற இந்த மாதிரி வலி மாத்திரை மூச்சைக் குறைக்கும். அப்படிக் குறையும்போது உடம்பு திடுக்குன்னு முழிச்சு ஒரு மூச்சு இழுக்கப் பார்க்கும். தூக்க மாத்திரை அந்த முழிப்பையே அமுக்கிரும். நாம ஏத்துற மருந்து வலி மாத்திரையைத்தான் தள்ளி நிறுத்தும், தூக்க மாத்திரையை ஒண்ணும் செய்யாது. அதுவும் கொஞ்ச நேரந்தான். நம்ம மருந்து முன்னாடி எறங்கிரும். அவர் போட்டது எறங்காது."

சரவணனின் அப்பா உறவுக்காரர்கள் இரண்டு பேருடன் வந்து சேர்ந்தபோது மகன் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா சம்சாரி, காட்டில் பாடுபடுகிறவர். வேட்டியை மடித்துக்கட்டியபடி வாசலிலேயே நின்று மகனைப் பார்த்தார். போலீஸ் வரும், பெயர் வெளியே போகும் என்று யாரோ காதில் சொன்னார்கள்.

"கூட்டிட்டுப் போறோம் சார்."

"சாயங்காலம் வரைக்குமாச்சும் இங்க இருக்கணும்" என்றார் டாக்டர். முன்பு எனக்குச் சொன்னதை அவரிடமும் சொன்னார், இன்னும் எளிதாக, இரண்டு முறை.

"அதான் நல்லா நடக்குறான்ல சார்" என்றார் அப்பா.

நடந்தார்தான். இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஆட்டோ வரைக்கும் தன் காலில்தான் போனார். டாக்டர் பின்னாலேயே போய், "தூங்க விடாதீங்க. குறட்டை விட்டா உடனே கொண்டு வாங்க" என்று ஆட்டோ கிளம்பும் வரை சொன்னார்.

மறுநாள் காலையில் சரவணனின் உடல் பிரேதப் பரிசோதனைக்கு எங்கள் மருத்துவமனைக்கே வந்தது. டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தியேட்டருக்குப் போய் நலாக்சோன் குப்பிகளில் பாதியை எடுத்துவந்து அவசரப் பிரிவு அலமாரியில், கண்ணுக்கு நேரான தட்டில் வைத்தார். அன்று காலை முழுவதும் வழக்கம்போல நோயாளிகளைப் பார்த்தார்.

சில வருடங்கள் கழித்து எங்கள் வளாகத்திலேயே மாற்று மருந்து மையம் ஒன்று திறந்தார்கள். ஊசியை விட நினைக்கிறவர்களுக்கு, அந்த ஏக்கத்தையும் உடல் வலியையும் தணிக்கும் மாத்திரையை அன்றாடம் நாக்குக்கு அடியில் கொடுக்கும் இடம். பொறுப்பு டாக்டர் சந்தானத்துக்கு வந்தது. நர்ஸ் வேலைக்கு என்னைக் கேட்டார். மற்றவர்கள் தயங்கினார்கள். நானும் தயங்கினேன், ஆனாலும் போனேன்.

வேலை பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பெஞ்சு. தண்ணீர் மாத்திரையை விழுங்க அல்ல, முன்னதாக வாயை நனைத்துக்கொள்ள. பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி, மாத்திரையை அடியில் வைத்து, அது கரையும் வரை பெஞ்சில் உட்கார வைப்பேன். பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. கரைந்ததும் நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகலாம். கடினமான பகுதி அதற்கு முன்னால் இருக்கிறது. வருகிறவர் வாசலிலிருந்து என் மேஜைக்கு வரும் நடையைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு வார்த்தை பேச வைக்க வேண்டும். நாக்கு குழறினாலோ, இமை சொக்கினாலோ அன்றைக்கு மாத்திரை கிடையாது. நாங்கள் கொடுப்பதும் மூச்சைக் குறைக்கும் இனத்தைச் சேர்ந்ததுதான். ஏற்கனவே உள்ளே தூக்க மாத்திரையோ சாராயமோ இருந்தால் நாமே குழியில் தள்ளியதாகிவிடும்.

வந்தவர்கள் எல்லாம் சாதாரண ஆட்கள். லாரி கிளீனர், தையல்காரர், மில் வேலைக்குப் போனவர், படித்துவிட்டுச் சும்மா இருப்பவர். அக்னி வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள்.

மையம் திறந்த முதல் வருடத்திலேயே முருகேசன் வந்தார், மனைவி செல்வராணியுடன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் பழையதைக் கேட்கவில்லை. செல்வராணி கூலி வேலைக்குப் போகிறவர். பருத்தி எடுக்கும் காலத்தில் அவரது விரல் நுனிகளில் கீறல் இருக்கும். கணவரை "இவுக" என்றுதான் சொல்வார். இவரைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்து, கரையும் வரை பக்கத்தில் நின்று, கூட்டிக்கொண்டு போவார். அப்படிப் பல மாதங்கள் நன்றாகப் போனது. முருகேசனுக்கு உடம்பு தேறியது. ஒரு நாள் அவராகவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்ததைக் கவனித்தேன்.

பிறகு ஒரு சமயம் ராமநாதபுரம் பக்கம் கரி லோடு வேலை என்று போனார். சில நாட்கள் மாத்திரைக்கு வரவில்லை. திரும்பி வந்த அன்று, வாசலிலிருந்து என் மேஜைக்கு வருவதற்குள் சுவரை ஒருமுறை பிடித்தார். பின்னால் செல்வராணி வந்துகொண்டிருந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க முருகேசன்?"

"இ...ட்லி."

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் முருகேசனை உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்தார். "என்ன எடுத்தீங்க?"

"தூக்கத்துக்குத்தான் சார். தூக்கமே வரமாட்டேங்குது. ஊசிய விட்டுட்டேன்ல, மாத்திரைதான, அது என்ன செய்யும்?"

"இன்னைக்கு நாக்கு மாத்திரை கிடையாது. தெளியிற வரைக்கும் இங்கயே இருங்க."

முருகேசன் எழுந்தார். குழறிக்கொண்டே கத்தினார். "குடுக்காட்டிப் போங்க. வெளிய எனக்கு வாங்கத் தெரியாதா? கண்மாய்க் கரைக்குப் போனா ஊசியோட நிக்கிறான்."

அதுதான் இந்த வேலையின் இக்கட்டு. கொடுத்தால் மூச்சு நிற்கலாம். கொடுக்காவிட்டால் நேராகக் கண்மாய்க் கரைக்குப் போவார், அங்கேயும் அதே மூச்சுதான். செல்வராணி டாக்டருடன் சண்டைக்கே வந்துவிட்டார்.

"நான் பல மாசமா கூட்டிட்டு வாரேன் சார். இன்னைக்கு ஒருநா இல்லைன்டா அம்புட்டும் போச்சு. பாதியாச்சும் குடுங்க. இவுக போயிருவாக சார், எனக்குத் தெரியும்."

"குடுத்தாலும் போயிருவாரும்மா. அப்படிப் போனா திரும்ப முடியாது" என்றார் டாக்டர். பிறகு செல்வராணியை விட்டுவிட்டு முருகேசன் பக்கம் வந்து, அதே பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் இங்கதான் இருக்கேன். பேசிட்டிருப்போம். ராமநாதபுரத்துல லோடு எப்படி?"

தூங்க விடாமல் வைத்திருக்கத்தான் அந்தப் பேச்சு. லோடு, லாரி, மூட்டம், எந்த ஊர்க் கண்மாயில் தண்ணீர் என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். முருகேசனும் கத்தியது ஓய்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று யாரும் கேட்காமலே சரவணனுக்கு வந்தார்.

"அன்னைக்கு நானும் அவுக வீட்டுக்குப் போனேன் சார். ஆட்டோவுல நானுந்தான் ஏறிப் போனேன். அவுகய்யா யார்ட்டயும் பேசல. நீங்க சொன்னதை வீட்டுல சொல்லவே இல்ல. அவுகம்மா பாயை விரிச்சுப் படுக்க வச்சாக. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். குறட்டை விட்டான். அவுகம்மா எல்லாரையும் வெளிய போகச் சொல்லி, புள்ள எத்தனை நாளைக்கப்பறம் தூங்குது, பேசாதீகன்டாக. கதவைச் சாத்திட்டாக. நானும் போட்டிருந்தேன்ல சார். சொகமா இருந்துச்சு. குறட்டை விட்டு விட்டு வந்துச்சு. வரும், நிக்கும், வரும். அதைக் கேட்டுக்கிட்டே நானும் கண்ணசந்துட்டேன். முழிச்சப்ப சத்தம் இல்ல. நல்லாத் தூங்குறான்னுதான் நெனைச்சேன் சார். கையத் தொட்டேன்..."

செல்வராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் அவரும் இதைக் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்.

முருகேசனின் தலை டாக்டரின் தோளில் சாய்ந்தது. இரண்டு நொடியில் குறட்டை வந்தது.

அவசரப் பிரிவுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனோம். முழுக்கையை நான்தான் கிழித்தேன். மடிப்பில் புது ஊசிக் குத்து. ஊசியை விட்டுவிட்டேன் என்று அவர் சொன்னது பொய். காலையில் போட்டுவிட்டு, மையத்தில் இடம் போய்விடுமோ என்று மறைத்திருக்கிறார். மூச்சு அருகிக்கொண்டே வந்தது. உதடு நீலம் பாரித்தது. பையை அமுக்கினேன். டாக்டர் நலாக்சோனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார், நெஞ்சைப் பார்த்தபடி. ஆக்சிஜன் வைத்ததும் விரலில் மாட்டிய கருவியில் ரத்த ஆக்சிஜன் எண் நன்றாக ஏறியது. பக்கத்திலிருந்த பயிற்சி நர்ஸ் நிம்மதியாக நிமிர்ந்தாள். "அதைப் பார்க்காதீங்க. ஆக்சிஜன் வச்சிருக்கிறப்ப அது நல்லாத்தான் காட்டும். மூச்சு நின்னப்பறம் லேட்டாத்தான் சொல்லும். நெஞ்சை எண்ணுங்க" என்றார் டாக்டர்.

முருகேசன் முழித்தார். வாந்தி எடுத்தார். உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய அண்ணன் வந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். டாக்டரைப் பார்க்காமல் நேராகத் தம்பியிடம் போனார்.

"ஏலே, எந்திரி. ஊரே சிரிக்குது. உக்காரத் தெரியுதுல்ல, நடக்கத் தெரியும். வா, வீட்டுல போயிப் படு."

முருகேசன் காலைக் கீழே போட்டார். அண்ணன் சொன்னால் எழுந்துகொள்கிற தம்பி அவர். டாக்டர் பேச வாயெடுத்தார். அதற்குள் செல்வராணி கட்டிலுக்கும் அண்ணனுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டார். கணவரின் அண்ணன் எதிரில் அவர் நிமிர்ந்து நின்றே நான் பார்த்ததில்லை.

"இவுக வரமாட்டாக."

"நீ தள்ளு தாயி. ஆம்பளைக பேசுறோம்."

"சரவணனும் நடந்துதான் போனான்" என்றார் செல்வராணி. "நீங்க வேணும்டா போங்க. இவுக இங்கனதான் இருப்பாக. நான் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுக் கெடப்பேன். என்னைய இழுத்துப்போட்டுட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும்."

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். கூட்டம் சேர்ந்திருந்தது. வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார். கிளம்பிப் போகவும் இல்லை.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். முருகேசன் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஏதோ சொல்ல வந்தவர் அப்படியே நிறுத்தினார். டம்ளர் கையிலிருந்து சாய்ந்தது. மூச்சு ஒன்று வந்தது, அடுத்தது வரவில்லை. டாக்டர் எதிர்பார்த்துக்கொண்டே இருந்ததால் யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை. பை என் கையில் இருந்தது, மருந்து அவர் கையில் இருந்தது. இந்தத் தடவை ஒருமுறை ஏற்றியதோடு விடாமல் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக இறங்க விட்டார். மரத்தடியில் நின்ற அண்ணன் உள்ளே வந்து பார்த்துவிட்டு, தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் அப்படியே நின்றார்.

பொழுது சாயும்போது மூச்சு தானாக ஓடத் தொடங்கியது. டாக்டர் அப்போதுதான் மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். செல்வராணிக்கு ஒருவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி, முகவாயை எப்படி நிமிர்த்துவது, நெஞ்சில் கைவைத்து எப்படி எண்ணுவது என்று முருகேசனை வைத்தே சொல்லிக்கொடுத்தார்.

வார்டிலிருந்து போன பிறகும் தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தவில்லை. ரொம்ப நாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எழுதினார். மாத்திரையைச் செல்வராணியின் கையில்தான் கொடுத்தோம். நாக்கு மாத்திரையை மறுபடி குறைந்த அளவிலிருந்து தொடங்கினோம். முருகேசன் அதற்குப் பிறகும் இரண்டு முறை வழுக்கினார். இரண்டு முறையும் காலையில் வந்ததுமே, "சிஸ்டர், நேத்துப் போட்டுட்டேன்" என்று சொன்னார். சொன்னதால் பார்த்துக்கொள்ள முடிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் மையத்தைத் திறந்துகொண்டிருந்தேன். அவசரப் பிரிவு வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் முருகேசன் ஒரு ஆளை ஒருக்களித்து மடியில் போட்டு, முகவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓடினேன்.

"ரோட்டோரம் கெடந்தாரு சிஸ்டர். மூச்சு ரொம்பக் கம்மியா இருக்கு. வலி மாத்திரை, தூக்க மாத்திரை, ரெண்டும். பக்கத்துல கெடந்துச்சு." சட்டைப் பையிலிருந்து இரண்டு காலி அட்டைகளை எடுத்து என்னிடம் நீட்டினார். ஊசியையும் ஒரு பாட்டிலுக்குள் போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார்.

விபத்து வழக்கு ஒன்றுக்காக வந்திருந்த போலீஸ்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முருகேசன் அவரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். அவரைத் தாண்டாமல் உள்ளே வர முடியாது. அட்டைகளை மறைக்கவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. கையில் பழைய தழும்புகளோடு, பையில் காலி அட்டைகளோடு நிற்கிற ஒருவரைப் போலீஸ்காரர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. யார், எங்கே வாங்கியது, நீயும் கூடப் போட்டாயா என்று கேள்விகள் அங்கேயே தொடங்கிவிட்டன. நாங்கள் கட்டிலைச் சுற்றி வேலையில் இருந்தோம். திரும்பிப் பார்த்தபோது முருகேசனை விசாரணைக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

நாங்கள் கேட்காமலே முருகேசன் சொன்னதால், எது எது உள்ளே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவர் கொண்டுவந்த ஆள் இரண்டு முறை சரிந்தார். இரண்டு முறையும் நாங்கள் தயாராக இருந்தோம். டாக்டர் சந்தானம் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, முருகேசன் யார், ஏன் அந்த அட்டைகளைக் கொண்டுவந்தார் என்று விளக்கினார். சாயங்காலம்தான் விட்டார்களாம். முருகேசனுக்கு அன்றைய நாக்கு மாத்திரை தவறிப்போனது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற செல்வராணியின் முகத்தில் கோபம். ஸ்டேஷனில் நடந்தது எதையும் முருகேசன் சொல்லவில்லை.

"அந்த ஆளு பேரு என்ன சிஸ்டர்?" என்று கேட்டார். "ஆட்டோவுல வரும்போது கூப்பிட்டுப் பாக்கணும்ல, பேரு தெரியல. அண்ணே அண்ணேன்டே கூப்பிட்டுக்கிட்டு வந்தேன்."

நோயாளியின் பெயரை வெளி ஆளிடம் சொல்லக்கூடாது. எழுந்து அவசரப் பிரிவுக்குப் போய், வார்டில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

"பேரைக் கேக்காதீங்க முருகேசன்" என்றேன். "ரெண்டு இட்லி தின்னுட்டு, இன்னும் ரெண்டு வேணும்னு ஆயாம்மாகிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருக்காரு."